தை 20, செவ்வாய்க்கிழமை: பழைய பத்திரமும் பைத்தான் நிரலும்

"கொல்லம் 1107 ௵ தை ௴ 20 ௳ செவ்வாய்க்கிழமை" என்று தொடங்குகிறது அந்தப் பத்திரம். ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ தேதி. செங்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றின் பழைய கிரயம். மடிப்பு விழுந்த இடங்களில் தாள் கண்ணாடிபோல் மெலிந்துவிட்டது. தோப்புக்காரரின் பேரன் என்னிடம் கேட்டது சின்ன வேலைதான்: வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அறுபத்துச் சொச்சம் பத்திரங்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பட்டியல் தரவேண்டும். கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டிக்குக் கணக்கு நிரல்கள் எழுதிப் பிழைக்கிறவன் நான். தேதியை வரிசைப்படுத்துவதில் என்ன இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் ஆயிற்று.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரை, 1949-க்குப் பின் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தது. மொழி தமிழ், அரசாங்கம் திருவனந்தபுரத்தில். அதனால் இந்தப் பக்கத்துப் பழைய காகிதங்களில் மாதம் தமிழில் இருக்கும், ஆண்டு கேரளத்தின் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டின் முதல் வருடம் கிறிஸ்துவுக்குப் பின் 825. வருடம் பிறப்பது ஆவணியில், மலையாளத்தில் சிங்ஙம். 2024 ஆகஸ்ட் 17-ல் கொல்லம் 1200 பிறந்தது. ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசிவரை 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825-ஐக் கூட்ட வேண்டும். மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில வருடங்களிலும் கால்வைத்து நிற்கும். அதற்குத் தேதியையும் பார்த்துத்தான் எதைக் கூட்டுவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

1107 தை என்றால் 1932. அதுவரை சரி. தை 1 எந்த நாள்? சுவரில் தொங்கிய 2024-ஆம் ஆண்டுக் காலண்டரில் பொங்கல் ஜனவரி 15. அதிலிருந்து எண்ணினால் தை 20 பிப்ரவரி 3-ல் விழுகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியிடம் 1932 பிப்ரவரி 3 என்ன கிழமை என்று கேட்டேன். புதன் என்றது. பத்திரம் செவ்வாய் என்கிறது.

எழுதியவர் தவறிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிரல் எழுதுகிறவனுக்கு இந்தத் திமிர் உண்டு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் பத்திரம் எழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எழுதுகிறவன் சர்வே நம்பரைத் தப்பாக எழுதுவான், வருஷத்தைக்கூடத் தப்பாக எழுதுவான். கிழமையைத் தப்பாக எழுத மாட்டான். எழுதுகிற அன்றைக்கு என்ன கிழமை என்பது வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் வேலை திரும்பியது. அது எப்படி என்று சொல்வதற்கு முன் கணினி தேதியை என்னவாக வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தேதி என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. உலகம் முழுவதற்கும் ஒன்றாக இருக்கும் ஒரு கணம். ஒரு ஊரின் விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவில் உள்ள ஒரு நாள். அந்த நாளுக்கு ஏதோ ஒரு காலண்டர் வைத்த பெயர். "தை 20" என்பது பெயர். அந்தப் பெயர் எந்த நாளைக் குறிக்கிறது என்பது காலண்டரின் விதியைப் பொறுத்தது. தேதிப் பிழைகளில் நான் பார்த்த அளவில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

பைத்தானில் தேதிக்கென்று உள்ள வகை நாளை ஒரே எண்ணாகப் பார்க்கிறது. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் ஆண்டு ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு 9999 டிசம்பர் 31 வரை போகும். 1932 பிப்ரவரி 2-ன் எண் 705315. அதை ஏழால் வகுத்தால் மீதி 2. திங்கள் 1, செவ்வாய் 2. கிழமை கண்டுபிடிக்க இதற்கு மேல் மந்திரம் ஒன்றும் இல்லை. இப்படி எண்ணும்போது பைத்தான் இன்றைய கிரிகோரியன் விதியே ஆதியிலிருந்து இருந்ததாகப் பாவித்துக்கொள்கிறது. ரோமில் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 ஆனது. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது. இதெல்லாம் அதற்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1752-க்கு முந்திய கடிதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது தலைவலி. நம் தோப்புப் பத்திரங்களுக்குத் தொல்லை இல்லை.

இன்னொரு வழி விநாடியை எண்ணுவது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழியில் 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் கணக்கில், பூஜ்யம். நமக்கு அப்போது அதிகாலை 5.30. அதற்கு முந்தியவை எல்லாம் கழித்தல் எண்கள். 32 பிட்டுக்குள் இந்த எண்ணை அடைத்துவைத்த பழைய அமைப்புகளில் 1901 டிசம்பர் 13-க்கு முன்னும் போக முடியாது, 2038 ஜனவரி 19 காலை நம் நேரம் 8.44-ஐத் தாண்டவும் முடியாது. விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகளிடம் கழித்தல் விநாடியைக் கொடுத்துத் தேதி கேட்டால் பிழை காட்டி நின்றுவிடும். எக்செலோ 1900-க்கு முந்திய தேதியைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, 1900-ல் இல்லாத பிப்ரவரி 29-ஐ இருப்பதாக இன்றும் கணக்கில் வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளின் பிழையை, அதோடு ஒத்துப்போவதற்காக, தெரிந்தே எடுத்துக்கொண்டது. பாட்டன் கடன் பேரன் தலையில்.

கணத்தையும் நாளையும் குழப்பிக்கொள்வதன் விலை என்ன என்று மண்டியில் ஒரு ஓணத்தின்போது கற்றுக்கொண்டேன். புனலூர், கொட்டாரக்கரைப் பக்கத்து வியாபாரிகள் எந்த நாளுக்குச் சரக்கு வேண்டும் என்று பதிவுசெய்ய ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதியிருந்தேன், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில். அவர்கள் 20-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தால் சிட்டையில் 19 என்று அச்சாகிறது. வெள்ளரிக்காயும் தடியங்காயும் ஒருநாள் முந்திப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் தேதி என்று ஒரு வகையே அப்போது இல்லை. எல்லாமே கணம். 20-ஆம் தேதி என்று தேர்ந்தெடுத்தால் 20-ஆம் தேதி நள்ளிரவு, நம் நேரம். அதை நிலையான வடிவத்தில் எழுத்தாக மாற்றச் சொன்னால் கிரீன்விச் நேரத்துக்குக் கொண்டுபோய் எழுதும். நள்ளிரவிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் முந்தினநாள் மாலை 6.30. நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 19.

கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறவர்களுக்கு உள்ளூர் நள்ளிரவை வைத்து இந்தப் பிழை வராது. நமக்கு எப்போதும் ஒருநாள் முன்னால். 2024 ஆகஸ்ட் 15-ஐக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், ஆகஸ்ட் 14 என்று சொல்லும். சுதந்திர தினத்தையே மாற்றிவிடுகிற மொழி. இன்னொரு வேடிக்கை: அதே மொழியில் ஆண்டு, மாதம், நாளுக்கு நடுவில் சிறு கோடு போட்டு எழுதினால் கிரீன்விச் நள்ளிரவு என்று படிக்கும். சாய்கோடு போட்டால் உள்ளூர் நள்ளிரவு என்று படிக்கும். ஒரு கோடு படுத்திருப்பதற்கும் சாய்ந்திருப்பதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். 1995-ல் அவசரமாக உருவான மொழி அது. தேதிப் பகுதியை அன்றைய ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்துவைத்தார்கள். ஜாவா பின்னால் திருந்திக்கொண்டது.

மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதும் அந்த வழியில் வந்ததுதான். ஜனவரி 0, டிசம்பர் 11. இதன் வேர் சி மொழியில் இருக்கிறது. மாதத்துக்குப் பெயர் உண்டு, பெயர்ப் பட்டியலில் முதல் இடத்தின் எண் பூஜ்யம், ஆகவே மாதத்துக்குப் பூஜ்யம். நாளுக்குப் பெயர் கிடையாது, ஆகவே நாள் 1-லிருந்து. பெர்ல் என்ற மொழியும் இதையே பின்பற்றியது, கூடவே ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்தும் தந்தது. அதை உணராமல் முன்னால் "19" என்று ஒட்டிவைத்திருந்த வலைப்பக்கங்கள் 2000 பிறந்த அன்று 19100 என்று காட்டின. கிழமைக்கும் ஊருக்கு ஒரு வழக்கம்: ஜாவாஸ்கிரிப்டுக்கு ஞாயிறு பூஜ்யம், பைத்தானின் வழக்கமான கிழமைக் கட்டளைக்குத் திங்கள் பூஜ்யம். நம் பஞ்சாங்கம் ஞாயிறில் தொடங்குகிறது, அதுவும் நள்ளிரவில் இல்லை, சூரிய உதயத்தில்.

லினக்ஸில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பாஷ் நிரல்களில் ஒரு பொறி இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மண்டிக் கணக்கைத் தினமும் நகலெடுத்து வைக்க நாலு வரி எழுதியிருந்தேன். மாத எண்ணில் ஒன்றைக் கழித்துப் போன மாதத்துக் கோப்புறையைக் கண்டுபிடிக்கும். மார்ச்சில் எழுதியது ஜூலைவரை மணிபோல் ஓடியது. ஆகஸ்ட் 1 அன்று நின்றது. முன்னால் பூஜ்யம் இருக்கும் எண்ணை பாஷ் எட்டின் அடிமான எண்ணாகப் படிக்கும். அந்த முறையில் 8-ம் 9-ம் இலக்கங்களே கிடையாது. 07 வரை எல்லாம் சரி, 08 பிழை, 09 பிழை, 10 மறுபடி சரி. யாரும் தொடாமலே அக்டோபரில் அது தானாகக் குணமாகிவிட்டது. நகல் இல்லாமல் போன இரண்டு மாதங்கள் ஓணச் சரக்கு போகிற ஆகஸ்டும் செப்டம்பரும். எண் பத்தின் அடிமானம் என்று முன்னால் 10# என மூன்று எழுத்துச் சேர்த்தால் தீர்ந்துபோகும் விஷயம். தெரிந்திருந்தால்.

இதைவிட ஆழமான சிக்கல் மாதத்தைக் கூட்டுவது. மண்டியில் வெளியூர் வியாபாரிக்கு ஒரு மாதத் தவணை கொடுப்பார்கள். ஜனவரி 31-ல் சரக்கு எடுத்தவர் எப்போது பணம் தர வேண்டும்? ஒவ்வொரு மொழியிடமும் கேட்டுப் பார்த்தேன், 2023-ஐ வைத்து. ஜாவாஸ்கிரிப்ட் மாத எண்ணை மட்டும் கூட்டி, பிப்ரவரி 31 என்று ஆக்கி, 28-க்கு மேல் மிஞ்சிய மூன்று நாளை மார்ச்சில் கொட்டியது: மார்ச் 3. பிஹெச்பியும் மார்ச் 3. லினக்ஸில் உள்ள தேதிக் கட்டளையும் மார்ச் 3. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் பிப்ரவரி 28 என்றது. பைத்தானில் மாதத்தை 2 என்று மாற்றச் சொன்னேன். அப்படி ஒரு நாள் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

நின்றுவிட்டதே எனக்குச் சரி என்று படுகிறது. பைத்தானின் கால இடைவெளி வகையில் நாள் உண்டு, வாரம் உண்டு, மணி உண்டு, மாதம் மட்டும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மாதம் ஓர் அளவே இல்லை என்பதுதான் காரணம். 28 நாளாகவும் இருக்கும், 31 நாளாகவும் இருக்கும் ஒன்றை வைத்து எப்படி அளப்பது? அப்படிக் கூட்டியே ஆகவேண்டும் என்றால் டேட்யூட்டில் என்ற துணை நூலகம் இருக்கிறது. அது மாதக் கடைசியில் முட்டினால் கடைசி நாளில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் அதையும் தொடர்ச்சியாக ஓட்டக்கூடாது. 31 பிப்ரவரியில் 28 ஆகும், அதிலிருந்து இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28, பிறகு ஏப்ரல் 28. முதல் தேதி 31 என்ற நினைவே போய்விடும். ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும்: ஜனவரி 31-லிருந்து ஒரு மாதம், ஜனவரி 31-லிருந்து இரண்டு மாதம் என்று. மண்டிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. மாசக் கடைசியில் எடுத்தவன் மாசக் கடைசியில் தருவான் என்றார். விதி அவரிடம் இருந்தது. நான்தான் அதை மொழியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாள்–மாதக் குழப்பத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறேன். 03/04/2024 நமக்கு ஏப்ரல், அமெரிக்கக் கருவிகளுக்கு மார்ச். பைத்தானில் அட்டவணைகளைப் படிக்க உதவும் பாண்டாஸ் நூலகத்தின் பழைய பதிப்புகள் வரிவரியாக ஊகித்தன. 12 வரை உள்ள நாட்களைத் திருப்பிப் போட்டுவிட்டு 13-லிருந்து சரியாகப் படித்தன. 2023-ல் வந்த 2.0 பதிப்பு முதல் வரியின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, பொருந்தாத வரியில் நின்றுவிடுகிறது. 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறபடி ஆண்டு, மாதம், நாள் என்று எழுதிவைத்தால் அகரவரிசையே காலவரிசையாகவும் இருக்கும். கோப்புப் பெயர்களுக்கு இதைவிட நல்ல வழக்கம் நான் அறியவில்லை.

இரண்டிலக்க ஆண்டு அப்படித் தாண்டக்கூடியது இல்லை. தோப்புக்காரரின் பேரன் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியலில் அந்தப் பத்திரத்தின் ஆண்டு வெறும் 32. பைத்தான் 69 முதல் 99 வரை 1900-களுக்கும், 00 முதல் 68 வரை 2000-களுக்கும் ஒதுக்கும். எனவே பத்திரம் 2032-ல் எழுதப்படப்போகிறது. சிரிப்பு வந்தது. ஆனால் இதே சிக்கலை நம் முன்னோர்கள் அறுபது வருட வட்டத்தில் வைத்திருந்தார்கள். அதே பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் "பிரசோற்பத்தி" என்று இருக்கிறது. 1987-ல் பிறந்தது பிரபவ, வட்டத்தின் முதல் பெயர். ஆண்டிலிருந்து 1987-ஐக் கழித்து அறுபதால் வகுத்த மீதிதான் பட்டியலில் இடம், பூஜ்யத்திலிருந்து எண்ணினால். பிரசோற்பத்தி 1931-லும் வரும், 1991-லும் வரும். பெயரை மட்டும் எழுதினால் தாத்தா காலமா பேரன் காலமா என்று தெரியாது. கொல்லம் ஆண்டையும் பக்கத்தில் எழுதிவைத்தவர் அந்த ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வரலாம்.

புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் இறங்கும்போது கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே இந்திய நேரம். காலண்டரோ சில நாட்களில் அங்கே ஒரு நாள் பின்தங்கும். 2023-ல் இங்கே சித்திரை 1 ஏப்ரல் 14, அங்கே அதே மாதமான மேடம் 1 ஏப்ரல் 15. இரண்டும் சூரியன் மேஷ ராசியில் நுழைவதை வைத்துத்தான். நுழைந்த கணம் ஒன்றே. அந்தக் கணத்தை எந்த நாளின் கணக்கில் எழுதுவது என்பதில்தான் வேறுபாடு. தமிழ் விதியில் சூரியன் மறைவதற்குள் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு. மலையாள விதியில் பகலின் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது உதயத்திலிருந்து பதினெட்டு நாழிகைக்குள் நுழைந்தால்தான் அன்று. இல்லையென்றால் மறுநாள். நாழிகை 24 நிமிடம். ஆறு மணிக்கு உதயம் என்றால் எல்லை பிற்பகல் 1.12. அந்த வருடம் சங்கராந்தி பிற்பகல் 1.12-க்குப் பின்னும் மாலைக்கு முன்னும் விழுந்தது. தமிழ்நாட்டில் அன்று, கேரளத்தில் மறுநாள்.

ஆக, செங்கோட்டைப் பத்திரத்தில் மாதப் பெயர் தமிழுடையது, அரசாங்கம் திருவிதாங்கூருடையது. எந்த விதிப்படி எண்ணினார்கள் என்று பத்திரத்தில் எழுதியிருக்காது. கிழமை எழுதியிருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் சௌர வருடம் சூரியன் அதே நட்சத்திரப் பின்னணிக்குத் திரும்பும் காலம்: 365.2564 நாள். கிரிகோரியன் வருடம் பருவத்தைப் பின்பற்றுவது: 365.2425 நாள். இந்தச் சின்ன வித்தியாசம் எழுபது வருடத்துக்கு ஒரு நாளாகச் சேரும். விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தி அன்று. ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இன்று பொங்கல் 14 அல்லது 15. என் சுவர்க் காலண்டரின் ஜனவரி 15-ஐ எடுத்து 1932-ல் ஒட்டியதுதான் என் தவறு. தொண்ணூற்றிரண்டு வருடத்தில் தை 1 ஒருநாள் நகர்ந்திருந்தது. 1932-ல் அது ஜனவரி 14. தை 20 பிப்ரவரி 2. எண் 705315, மீதி 2, செவ்வாய். எழுதியவர் சரி, நான் தவறு.

மாதங்களின் நீளமும் சீராக இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வேகமாகச் சுற்றும், அதனால் மார்கழி குறுகும். ஜூலையில் தூரத்தில் மெதுவாக நகரும், அதனால் ஆனி நீளும். 29 நாளிலிருந்து 32 நாள்வரை எதுவும் வரலாம். 32-ஆம் தேதி உள்ள மாதத்தைப் பைத்தானின் தேதி வகை ஏற்காது. எனவே தமிழ்த் தேதியைப் பைத்தானின் தேதிப் பெட்டிக்குள் திணிக்கப் பார்க்கக்கூடாது. அது தனிப் பொருள், தனி வகை.

சூரியனின் இடத்தையே கணக்கிட்டு மாதப் பிறப்பைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். செய்து பார்த்தேன். வானியல் நூலகங்கள் இருக்கின்றன, கணமும் துல்லியமாகக் கிடைக்கிறது. ஆனால் பத்திரம் எழுதியவர் வானத்தைப் பார்த்து எழுதவில்லை, கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினார். பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருத்திய கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதமும் சங்கராந்தியில் மணிக்கணக்கில் வேறுபடும். எல்லைக்கோட்டுக்கு அருகில் அந்த வேறுபாடு ஒரு நாளையே புரட்டிவிடும். துல்லியமான விடை கிடைத்தும் பயனில்லை.

கடைசியில் நிரல் செய்வது மிக எளிமையானது. ஆண்டை மாற்றுகிறது, நூற்றாண்டு நகர்வைக் கழிக்கிறது, ஒரு உத்தேச நாளை எடுக்கிறது. பிறகு அந்த நாள், அதற்கு முந்தினநாள், மறுநாள் ஆகிய மூன்றின் கிழமைகளையும் பத்திரத்தின் கிழமையோடு ஒப்பிடுகிறது. பொருந்துவதுதான் விடை. தமிழ் விதியா மலையாள விதியா, வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை முழுவதும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது, கிழமை அதைத் தீர்த்துவைக்கிறது. தேடும் இடைவெளியை மூன்று நாளுக்கு மேல் அகலப்படுத்தவில்லை. ஏழு நாளாக்கினால் எந்தக் கிழமையைக் கொடுத்தாலும் ஏதோ ஒன்று பொருந்திவிடும், தவறான கிழமைக்கும் விடை வந்துவிடும். பொருந்தாதவற்றை நிரல் தனியே எடுத்து வைக்கிறது. கிழமையே இல்லாத பத்திரங்களுக்கு ஒரே நாளைப் போடாமல் "இந்த மூன்று நாளில் ஒன்று" என்று முதல், கடைசி இரண்டையும் எழுதுகிறது. மூலத்தில் இருந்த சொற்கள் அப்படியே பட்டியலின் முதல் நெடுவரிசையில் இருக்கும், நிரல் அதைத் தொடாது.

எண்ணுவதில் இன்னொரு சறுக்கல் உண்டு, இதையும் இந்தப் பாதையில்தான் பார்க்க முடியும். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை வழியே அச்சன்கோவிலுக்கும் ஆரியங்காவுக்கும் சபரிமலைக்கும் மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். 41 நாள் மண்டலம். 2024-ல் விருச்சிகம் 1, அதாவது மலையாளக் கார்த்திகை 1, நவம்பர் 16. அதோடு 41-ஐக் கூட்டு என்று பைத்தானிடம் சொன்னால் டிசம்பர் 27 வரும். மண்டல பூஜை 26-ல். மாலை போட்ட நாளும் ஒரு நாள்தானே, ஆகவே கூட்ட வேண்டியது 40. பஸ் முன்பதிவு செய்கிறவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சாமிகள் விரலை மடக்கி எண்ணுவதால் தடுமாறுவதில்லை.

நேரமண்டலத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 2020-ல் வந்த பைத்தான் 3.9-லிருந்து நேரமண்டலத் தரவுகளைப் படிக்கும் பகுதி மொழியோடு சேர்ந்து வருகிறது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்த 1904-ல் ஏதாவது ஒரு நாளைக் கொடுத்து, கல்கத்தா மண்டலத்தில் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஐந்தரை மணி என்று சொல்லாது. 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று சொல்லும். அது மெட்ராஸ் நேரம், அன்றைய ரயில்வே நேரம். இன்றைய இந்திய நேரம் 1906 ஜனவரி 1-ல்தான் பிறந்தது. பைடிஸட் (pytz) என்ற பழைய நூலகத்தைத் தவறான முறையில் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்றைய தேதிக்கே 5 மணி 53 நிமிடம் என்று வரும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் உள்ளூர் நேரம். எங்கிருந்து இந்த 23 நிமிடம் வந்தது என்று இரவெல்லாம் விழித்தவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

தோப்புப் பத்திரங்களில் பழையவற்றில் எண்களும் தமிழில் இருந்தன. பைத்தான் ௧, ௨, ௩ போன்ற இலக்கங்களை எண்ணாக ஏற்றுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. ௧௨ என்று கொடுத்தால் 12 என்று வாங்கிக்கொள்ளும். ஆனால் ௰, ௱, ௲ மூன்றும் இலக்கங்கள் இல்லை, பத்து, நூறு, ஆயிரம் என்ற மதிப்புக் குறிகள். அவற்றைக் கண்டதும் நின்றுவிடும். அதற்கு இருபது வரியில் தனியாக ஒரு மாற்றி எழுத வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து நிரலை ஓட்டியபோது ஒரே ஒரு பத்திரம் தனியே ஒதுங்கியது. மாசி ௰௧, வெள்ளிக்கிழமை. நான் கணக்கிட்ட மாசி 11 செவ்வாயில் விழுந்தது. மூன்று நாள் தள்ளி. எந்த விதியாலும் மூன்று நாள் போகாது. தாளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். கிழமையை எழுத்தர் தவறவிட மாட்டார் என்றீர்களே என்று கொஞ்சம் குறும்பாகவே கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, தேதியின் கடைசி எழுத்தை நகத்தால் காட்டினார். மை வெளுத்து மேல்கோடு மட்டும் தெரிந்தது.

"இது க இல்லை தம்பி. ச."

௧ என்று நான் படித்தது ௪. மாசி 14. வீட்டுக்கு வந்து பட்டியலில் ஓர் இலக்கத்தை மாற்றி மறுபடி ஓட்டினேன். வெள்ளிக்கிழமை என்றது.